கஞ்சியை முகர்ந்து பார்த்த மாமி: வருத்தத்தில் திடீரென மாறாட்டம் வந்தால் வீட்டார் செய்ய வேண்டியவை

கஞ்சிக் கோப்பையை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அதைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, “இதுக்குள்ள என்னத்தைக் கலந்தாய்?” என்று கேட்டார். என் மாமி, கணவரின் அம்மா. 22 வருஷமாக என் கையால் சாப்பிடுகிறவர். உப்புக் கூடினால் திட்டுவார், புளி குறைந்தால் திட்டுவார். நஞ்சு வைக்கிறாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று புதன்கிழமை. திங்கட்கிழமை வரை எங்கள் ஒழுங்கைச் சீட்டின் கணக்கு முழுவதும் அவர் தலைக்குள்தான் இருந்தது. 14 பேர். யார் கட்டியது, யார் கட்டாதது, யார் ‘நாளைக்கு’ என்று மூன்று தரம் சொன்னது எல்லாம் கொப்பி பார்க்காமலே வரும். வயது 76. செவ்வாய் இரவு எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன், பெரிதாக எடுக்கவில்லை. விடிந்தபோது ஆளே வேறு.

இப்போது உங்கள் வீட்டில் அப்படியொரு புதன்கிழமை நடந்துகொண்டிருந்தால், நான் ஒரு கிழமை தடுமாறிக் கற்றதை இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. வீட்டில் தைத்துப் பிழைக்கிறவள். ஆனால் இதில் பாதி வேலை வைத்தியரிடம் போகும் முன்பே வீட்டாரிடம்தான் இருக்கிறது.

முதலில் பெயர். ஆஸ்பத்திரியில் இதை டெலீரியம் என்பார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் மாறாட்டம். பழைய ஆட்கள் சன்னி என்றும் சொல்வார்கள், ஆனால் அந்தச் சொல்லை வலிப்புக்கும் காய்ச்சல் பிதற்றலுக்கும் சேர்த்தே சொல்வதால், வைத்தியரிடம் பெயர் சொல்லாமல் ஆள் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்கா “அறளை பெயர்ந்திட்டுது, வயசுதானே” என்றார். அறளை ஒரு இரவில் பெயர்வதில்லை. மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். இது மணித்தியாலங்களில், இரண்டொரு நாளில் வரும். காலையில் தெளிவாகப் பேசுவார், பின்னேரம் குழம்புவார், இரவில் மோசமாகும், மறுநாள் காலை பத்து நிமிஷம் பழைய ஆளாக இருப்பார். அந்த ஏற்ற இறக்கம்தான் அடையாளம். உடம்பில் எங்கோ ஒன்று பிழைத்துப்போய், அது மூளையில் வந்து காட்டுகிறது. ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கும் இது மேலதிகமாக வரலாம். ‘அவ எப்பவும் அப்படித்தானே’ என்று விட்டுவிடுவது அங்கேதான் ஆபத்து.

தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள்

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினால் போதும். கடைசியாக எப்போது சரியாக இருந்தார், முதல் பிசகு எப்போது, என்ன சொன்னார், எப்போது சலம் (சிறுநீர்) போனார், எப்போது மலம் போனார், என்ன குடித்தார், எந்தக் குளிசை எடுத்தார். “திங்கட்கிழமை வரை 14 பேரின் சீட்டுக் கணக்கை வாயால் சொன்னவர், செவ்வாய் இரவு தொடங்கியது” என்ற ஒற்றை வசனத்தை நான் வைத்தியரிடம் சொன்னபோது அவர் பேனையை எடுத்தார். அதற்கு முன்பு போன தனியார் டிஸ்பென்சரியில் “ஆள் கொஞ்சம் குழம்பிப்போயிருக்கு” என்றுதான் சொல்லியிருந்தேன். வயசுக்கோளாறு என்று நித்திரைக் குளிசை தந்து அனுப்பினார்கள். நான் சொன்னதற்கு ஏற்ற மருந்து கிடைத்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். நல்லவேளை, அந்தக் குளிசையைக் கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது, கொடுக்கவில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. கிழமையின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: ஞாயிறு, சனி, வெள்ளி என்று. மாறாட்டத்தில் முதலில் உடைவது கவனம். மாமி ஞாயிறு, சனி என்றார், பிறகு “சனிக்கிழமை எண்ணெய் வைக்கோணும்” என்றார், அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சின் நூல் அப்படி நடுவில் அறுந்து விழும். இந்தச் சோதனை நோயைத் தீர்மானிக்காது, ஆனால் ‘எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ’ என்ற சந்தேகத்தைத் தீர்க்கும்.

இன்னொரு வகையும் உண்டு. கத்தாது, சந்தேகப்படாது, யாரையும் திட்டாது. ஆள் சுருண்டு படுத்திருப்பார், கேட்டதற்கு ஒரு சொல் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவார், சாப்பாட்டை வாயில் வைத்தபடி மறந்துவிடுவார். வீட்டார் ‘பாவம், களைப்பு, நித்திரை கொள்ளட்டும்’ என்பார்கள். அதுவும் இதே மாறாட்டம்தான். கண்ணில் படாமல் தவறிப்போவது அதுதான் அதிகம். கத்துகிறவரை நாலு பேர் சேர்ந்து வண்டியில் ஏற்றுவார்கள். பேசாமல் கிடப்பவரை யாரும் ஏற்றமாட்டார்கள்.

எங்கிருந்து வருகிறது

எங்கள் வீட்டில் மூன்று காரணங்கள் சேர்ந்திருந்தன. அது ஆனி மாதம், கச்சான் காற்று. திருகோணமலைக்காரருக்கு அதை விளக்கத் தேவையில்லை: கொடியில் போட்ட சீலை அரை மணித்தியாலத்தில் காய்ந்து மொறமொறக்கும், உதடு வெடிக்கும், உடம்பில் வேர்வை தெரியாமலே தண்ணீர் போய்விடும். வயது போனவர்களுக்குத் தாகமும் சரியாக எடுக்காது. போதாததற்கு மாமி வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்திருந்தார். கக்கூஸ் வீட்டுக்கு வெளியே. இரவில் என்னை எழுப்பக் கூச்சம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது, சலத்தில் கிருமி. காய்ச்சல் கொஞ்சமாகத்தான் இருந்தது, கை வைத்துப் பார்த்தால் தெரியாத அளவு. மூன்றாவது நான்.

காற்றோடு வந்த தூசியில் மாமிக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது. வீட்டில் எப்போதும் இருக்கும் சின்ன மஞ்சள் குளிசை, குளோர்பெனிரமின், அதை மூன்று இரவு கொடுத்தேன். பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்கிற மருந்துதானே என்று. வயது போனவர்களுக்கு அது வாயை உலர்த்தும், சலத்தைக் கட்டும், தலையைக் குழப்பும் என்று வார்டில்தான் அறிந்தேன். நித்திரை வரவைக்கும் பழைய ஒவ்வாமைக் குளிசைகள், நித்திரைக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் டயசிபாம், நோவுக்குக் கொடுக்கும் டிரமடோல், மனச்சோர்வுக்கும் நரம்பு நோவுக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் எல்லாமே தலையைக் குழப்பக்கூடியவை. டயசிபாமை நாட்பட எடுத்தவர் திடீரென நிறுத்தினாலும் மாறாட்டம் வரும், ஆகவே நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பிறசருக்குச் சலம் போகக் கொடுக்கும் சில குளிசைகள் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். அதுவும் மாறாட்டமாக வெளிவரும்.

மற்றவை: நெஞ்சில் சளிக் காய்ச்சல், சீனி ஏறுவது அல்லது இறங்குவது, நாலைந்து நாள் மலச்சிக்கல், சலம் கட்டிக்கொள்வது, சொல்லத் தெரியாத நோவு, இடுப்பெலும்பு முறிந்து செய்த ஒப்பரேசன், தலை அடிபட விழுந்தது. பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு மூன்று கூட்டுச் சேரும். அதனால் சலத்தில் கிருமி என்று தெரிந்ததும் ‘ஆ, பிடிபட்டது’ என்று மற்றதையெல்லாம் மறந்துவிடாதீர்கள். மாமிக்கு மலம் போய் ஐந்து நாள் ஆகியிருந்ததை நானே மூன்றாம் நாள்தான் சொன்னேன்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தினமும் குடிக்கிறவர் வருத்தத்தில் வார்டில் கிடந்து இரண்டு மூன்று நாள் குடியில்லாமல் இருந்தால், கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊருது என்று சொல்லத் தொடங்கலாம். அது உயிருக்கே ஆபத்து. குடும்ப மானம் பார்த்து “அப்பா எப்பவாவதுதான்” என்று சொல்லாதீர்கள். சாராயமா கசிப்பா, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று சொல்லுங்கள்.

எப்போது 1990க்கு அழைப்பது

திடீர் மாறாட்டம் என்றாலே அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும், திங்கட்கிழமை கிளினிக் வருது என்று வைத்துக்கொள்ளக்கூடாது. எழுப்ப எழும்பாவிட்டால், மூச்சு வாங்கினால், வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால், வலிப்பு வந்தால், குளிரில் பற்கள் அடிபட நடுங்கினால், விழுந்து தலை அடிபட்டிருந்தால், அரை நாளாகச் சலம் போகாவிட்டால், உடனே 1990க்கு எடுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம், அதற்குக் காசு இல்லை. சீனி வருத்தக்காரர் என்றால் வண்டி வரும் வரைக்குள் விரலில் குத்திச் சீனி அளவைப் பாருங்கள். 70க்குக் (mg/dL) கீழே இருந்து, விழுங்கக்கூடிய தெளிவும் இருந்தால் சீனித் தண்ணீர் கொடுங்கள். தெளிவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கொண்டுபோக வேண்டியது: கிளினிக் கொப்பி, வீட்டிலுள்ள எல்லாக் குளிசையும் ஒரு பையில் (அட்டையோடு, ‘வெள்ளைக் குளிசை’ என்றால் யாருக்கும் விளங்காது), நாட்டு வைத்தியரின் சூரணம், எண்ணெய் இருந்தால் அதுவும், கண்ணாடி, காது மிஷின், பல்செட், நாட்காட்டித் தாள். கண்ணாடி இல்லாமல் வார்டில் கிடந்தால் சேலைன் கம்பி மனிசனாகத் தெரியும். மாமிக்குத் தெரிந்தது.

இரவில் அவர் படும் பாட்டை ஒரு நிமிஷம் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். வைத்தியர் சுற்றுக்கு வருவது காலையில். அந்த நேரத்தில் மாமி “நான் நல்ல சுகம் டொக்டர், வீட்டை விடுங்கோ” என்று அழகாகச் சொல்வார். நான் பொய் சொல்கிறேன் என்று மிஸி (தாதி) நினைத்திருப்பா. அந்தப் படத்தை வைத்தியரைத் தவிர வேறு ஒருவருக்கும் காட்டாதீர்கள். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள்.

சிங்களம் பேசும் வைத்தியர் வந்தால் நாம்தான் மொழிபெயர்ப்போம். இங்கே நான் ஒரு பிழை விட்டேன். “இது என்ன இடம் என்று கேளுங்கள்” என்றார். நான் கேட்டேன். மாமி, “தோணி வந்திட்டுதா?” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “ஆஸ்பத்திரி என்று தெரிகிறது” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். வைத்தியர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். இரண்டு கட்டில் தாண்டிய பிறகு ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, திரும்பி வந்து இன்னும் நாலு கேள்வி கேட்டார். அவர்கள் சொல்வதை ஒழுங்குபடுத்தாமல், உளறலை உளறலாகவே சொல்லுங்கள். அந்த உளறலைத்தான் வைத்தியர் தேடுகிறார்.

நஞ்சு வைக்கிறாள் என்றால்

இதுதான் என்னை ஆகக் கூடுதலாக வருத்தியது. கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு மாமியே போன் எடுத்து, “இவள் என்னை முடிக்கப் பாக்கிறாள்” என்று சொல்லிவிட்டார். அழைப்பு எனக்கு வந்தபோது மச்சாளின் குரல் மாறியிருந்தது. ஆகவே முதல் நாளே நீங்களாக எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்: அம்மாவுக்கு வருத்தத்தில் மாறாட்டம், என்னவும் சொல்லுவா, நம்பவும் வேண்டாம், அவவோடு வாதாடவும் வேண்டாம். ஆனால் ஒரு விஷயம்: மாறாட்டம் இல்லாத நேரத்தில் ஒரு முதியவர் தனக்கு அடி விழுகிறது, சாப்பாடு தருவதில்லை என்று சொன்னால் அதை இந்தக் கணக்கில் தள்ளிவிடக்கூடாது.

வாதாடிப் பயனில்லை. “22 வருஷம் சமைச்சுப் போட்டேனே மாமி” என்று நான் அழுததில், அவர் நான் அழுவதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். “ஓம், நஞ்சுதான்” என்று கேலிக்கும் சொல்லக்கூடாது. முதலில் ஒரு கரண்டி நான் குடித்துக் காட்டினேன். ஒரு நேரம் எடுபட்டது. அடுத்த நேரம், “நீ மாற்று மருந்து குடிச்சிட்டு வந்திருக்கிறாய்” என்றார். சந்தேகத்துக்குள் மூளை எவ்வளவு வேகமாக ஓடுகிறது பாருங்கள்.

பிறகுதான் யோசனை வந்தது. தானாகவே மூடியிருக்கிற சாப்பாடு. கோதோடு அவித்த முட்டை. அவரே உடைத்து உரித்தார், விரல் நடுங்கியது, கோதின் துண்டுகளைச் சீலை மடியில் ஒவ்வொன்றாகச் சேர்த்தார், மஞ்சள் கருவை இரண்டாகப் பிளந்து உள்ளே பார்த்தார், பிறகு சாப்பிட்டார். தோலோடு கதலி வாழைப்பழம். கண் முன்னே வெட்டிய இளநி (சிறுநீரக வருத்தக்காரருக்கு வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம்). கடையில் வாங்கிய மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல். எதுவானாலும் நேராக இருத்தி, ஆள் முழிப்பாக இருக்கும்போது மட்டும். அரைத்தூக்கத்தில் ஊட்டினால் நெஞ்சுக்குள் போய்விடும்.

இரவில் வேறு பயம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பனைகள். கச்சானில் ஓலை அடிபடும் சத்தம் கண்ணை மூடிக் கேட்டால் அலைதான். சுனாமி வந்த 2004 மார்கழி (டிசம்பர்) 26ஆம் திகதி மாமியின் வீடு கடலோரத் திருக்கடலூரில் இருந்தது. “தண்ணி வருது, பிள்ளையளை மேல ஏத்து” என்று படுக்கையிலிருந்து இறங்கப் பார்த்தார். இது பாலையூற்று, இங்கே கடல் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, விளங்காத மடைச்சியிடம் மாட்டிக்கொண்டவர் போல இன்னும் பதறினார். கடைசியில் என் கணவர் வந்து கையைப் பிடித்து, “பிள்ளையள் மூண்டு பேரும் பத்திரமா இருக்கிறம் அம்மா. நான் இஞ்ச, தங்கச்சி கனடாவில, தம்பி கொழும்பில” என்றார். அது உண்மை. கடலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. மாமி விரல் விட்டு மூன்றை எண்ணினார், படுத்தார். அன்றிலிருந்து எங்கள் வழி இதுதான்: சொல்லும் கதையை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் பயத்துக்கு, பொய் இல்லாத ஒரு பதில்.

அதோடு பனைப் பக்க ஜன்னலைச் சாத்தினோம். சின்ன வெளிச்சம் ஒன்று இரவு முழுவதும். கதவில் தொங்கிய மழைக்கோட்டைக் கழற்றினோம்; இருட்டில் அது ஒரு ஆள். டிவியை நிறுத்தினோம். பார்க்க வருகிறவர்களை ஒருவர் ஒருவராக விட்டோம், ஒவ்வொருவரும் “நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்” என்று பரீட்சை வைக்காமல் தங்கள் பெயரைத் தாங்களே சொன்னார்கள். பகலில் தாங்கிப் பிடித்து முற்றம் வரை நடை. ஆளைக் கட்டிலோடு கட்டுவது பதற்றத்தைக் கூட்டும்; பக்கத்தில் தெரிந்த ஒருவர் இருப்பதுதான் பலன் தரும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் வைத்தியர் சிறிய அளவில் மருந்து கொடுக்கலாம். அது அவர் தீர்மானம்.

செய்வினை என்றும் சொன்னார்கள். நான் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து நூலும் கட்டிவிட்டேன், மறைக்கவில்லை. ஆனால் மருந்து ஏறத் தொடங்கிய பிறகு. யாராவது புகை போட வேண்டும், பட்டினி போட வேண்டும், ஏதோ குடிக்கக் கொடுக்க வேண்டும் என்றால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. மாறாட்டம் விடவில்லை. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்: காரணம் போன பிறகும் மூளை தெளிய நாட்கள், கிழமைகள், சிலருக்கு மாதங்கள்கூட எடுக்கும். மாமிக்கு மூன்று கிழமை. ஒருநாள் காலை பல் விளக்கிக்கொண்டே, “அந்தக் கடைக்காரி ரெண்டு மாசம் சீட்டுக் கட்டேல்ல” என்றார். நான் ஓடிப்போய்க் கொப்பியைப் பார்த்தேன். சரியாக இரண்டு மாதம். மாதங்கள் ஆகியும் தெளியாவிட்டால் மறதி நோய்க்கான சோதனையைக் கேளுங்கள். மாறாட்டம் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அது வரும் வாய்ப்புக் கூடுதல்.

அவருக்குத் துண்டு துண்டாக ஞாபகம் இருந்தது. “நான் ஏதும் கூடாத கதை கதைச்சனானோ?” என்று ஒருநாள் கேட்டார். காய்ச்சலில் பயந்துபோயிருந்தீர்கள், இப்போது சரி என்றேன். அவர் மேலே கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன், கேட்கவில்லை. கஞ்சிக் கதையைக் கலியாண வீட்டில் பகிடியாக எடுத்த கணவரின் சித்தப்பாவை நான் பார்த்த பார்வையில் அவர் இலையை மடித்துவிட்டார்.

ஒருமுறை வந்தால் திரும்ப வரலாம் என்பதால், கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்: காய்ச்சலில் மாறாட்டம் வந்தவர், தடிமன் குளிசை வேண்டாம். இரவில் சலம் போகச் சட்டி ஒன்று கட்டிலுக்குக் கீழே. கஞ்சி, தேத்தண்ணி தவிர, காலையிலிருந்து மாலைக்குள் முடிக்க நாலு டம்ளர் தண்ணீரை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைக்கிறேன். (இதயம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.) மூன்று டம்ளர் அவர் குடிக்கிறார். நாலாவது, நான் மிஷினில் உட்கார்ந்ததும் ஜன்னலால் கறிவேப்பிலை மரத்துக்குப் போகிறது. கச்சானிலும் அந்த மரம் பச்சையாக நிற்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது ஐந்து ஊற்றி வைக்கிறேன்.